சும்மா விட்டிருக்கலாம்

வீடியோ பைல்களை மாற்றித் தரும் இலவச மென்பொருள்களிடம் எனக்குப் பிடித்த குணம், வேலை கெட்டுப்போனால் மறைக்காமல் சொல்லிவிடுவது. மறைத்ததெல்லாம் நான்தான். அக்காவிடம் "முக்கால்வாசி முடிஞ்சாச்சு" என்றது, ஸ்டூடியோக்காரர் மேல் பழியைப் போட்டது, லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது என்று வீட்டில் புரளி கிளப்பியது எல்லாம் என் கைங்கர்யம். அத்திம்பேரின் அறுபதாம் கல்யாணம் நல்லபடியாக நடந்தேறிவிட்டதால் இனி ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்ளலாம்.

சமாசாரம் இதுதான். அக்கா கல்யாணம் 1990-ல் தி.நகர் மண்டபம் ஒன்றில் நடந்தது. எடுத்தது வி.ஹெச்.எஸ். கேசட்டில். கடற்காற்று அடிக்கும் அடையாறு வீட்டில் கேசட் சுருளில் வெள்ளைப் பூஞ்சை தெரிய ஆரம்பித்ததும், ஒரு ஸ்டூடியோவில் கொடுத்து டிவிடியாக மாற்றி வைத்துக்கொண்டார்கள். பிறகு டிவிடி பிளேயரும் பரணுக்குப் போய்விட்டது. 2022-ல் ஒரு நாள் அக்கா அந்தத் தட்டை என் கையில் கொடுத்து, "இன்னும் ரெண்டு வருஷத்துல இவருக்கு அறுபது. அன்னிக்கு ஹால்ல டிவியில ஓடணும். பென் டிரைவ்ல போட்டுக் குடுடா. உனக்கு என்ன, அஞ்சு நிமிஷ வேலை" என்றாள். ஆடிட்டர் ஆபீஸில் எக்ஸெல் ஷீட்டைத் தாண்டி எதையும் அறியாதவன் நான். என்றாலும் குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியாகிவிட்டது. பெயரைக் காப்பாற்ற வேண்டாமா? சரி என்றேன்.

விஎல்சியிலேயே மாற்றலாம் என்று யாரோ சொன்னார்கள். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-ல் ஆரம்பித்த வேலை அது. ஐந்து வருஷம் கழித்துக் கட்டற்ற மென்பொருளாக வெளியே விட்டார்கள். சின்னம், சாலையில் வைக்கும் ஆரஞ்சு நிறக் கூம்பு. இன்றைக்கு மெட்ரோ வேலை நடக்கும் லஸ் பக்கம் போனால் அந்தச் சின்னத்தை நிஜமாகவே பார்க்கலாம். இறக்கிக்கொள்ளப் போனால் அவர்கள் தளம் திறக்கவில்லை. மோடத்தை அணைத்துப் போட்டேன். வயரைப் பிடுங்கிச் செருகினேன். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினேன். மந்தைவெளி வரை வெயிலில் வண்டி ஓட்டி வந்த பையன் பொறுமையாகச் சோதித்துவிட்டு, "நெட்டு நல்லாத்தான் சார் வருது" என்று சொல்லிவிட்டுப் போனான். நான் நம்பவில்லை. அந்த வருஷம் பிப்ரவரியிலிருந்தே விஎல்சியின் தளத்தை இந்தியாவில் முடக்கி வைத்திருந்தார்கள், வக்கீல் நோட்டீஸ் எல்லாம் போய் நவம்பரில்தான் தடை நீங்கியது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இந்தக் கதை முழுக்க என் தப்பில்லாத ஒரே இடம் இதுதான். அதற்கும் வேறு ஒருவரைப் பிடித்துத் திட்டி வைத்தேன்.

தளம் திறக்காத ஆத்திரத்தில் "ஃப்ரீ வீடியோ கன்வெர்ட்டர்" என்று தேடி, பெரிய பச்சைப் பொத்தானோடு வந்த ஏதோ ஒன்றை இறக்கினேன். நாலு இடத்தில் "நெக்ஸ்ட்" அமுக்கினேன். என்ன கேட்டது என்று படிக்கவில்லை. பிரவுசரின் முகப்புப் பக்கம் மாறிவிட்டது. மூலையில் ஒரு பெட்டி வந்து என் கம்ப்யூட்டரில் ஆயிரம் கோளாறு இருப்பதாகக் கவலைப்பட்டது. வீடியோ என்னவோ மாறியது. ஆனால் முதல் சில நிமிஷங்கள் மட்டும், அதுவும் வாத்தியார் முகத்துக்குக் குறுக்கே "டிரயல் வெர்ஷன்" என்று கொட்டை எழுத்தில். மிச்சத்தைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டுமாம். இலவசம் என்று கூவி விற்கிறவன் கடையில் எதுவும் இலவசமாகக் கிடைக்காது என்று ரங்கநாதன் தெருவில் நடந்து பழகிய எனக்குத் தெரியாதா? தெரியும். இருந்தும் அமுக்கினேன்.

அதைச் சுத்தம் செய்து கொடுத்தவன் என் மகன். காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கிறான். "ஹேண்ட்பிரேக் போட்டுக்கோப்பா. அவங்க சைட்லேர்ந்து மட்டும் எடு" என்றான். அந்த "மட்டும்" என்பதற்குக் காரணம் உண்டு. 2017 மே மாதம் ஹேண்ட்பிரேக்கின் ஒரு டவுன்லோட் சர்வருக்குள்ளேயே எவனோ புகுந்து, மேக் கம்ப்யூட்டருக்கான பைலில் வைரஸை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். நல்ல வீட்டிலேயே திருடன் நுழைந்த காலத்தில் நான் திருடன் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டியிருக்கிறேன்.

ஹேண்ட்பிரேக்கை 2003-ல் எழுதத் தொடங்கியவர் எரிக் பெட்டி. பல பேர் கை மாறி வளர்ந்த அந்த மென்பொருள் தனக்கு 1.0 என்ற எண்ணைப் போட்டுக்கொண்டது 2016 டிசம்பரில். பதின்மூன்று வருஷம் தயங்கிவிட்டு ஒன்று என்று எண்ண ஆரம்பித்தவர்கள், எந்த வீடியோவுக்கு எந்த அளவு என்று யோசித்து முன்கூட்டியே செட்டிங்குகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதை நான் முதல் நாள் சாயங்காலமே திருத்த ஆரம்பித்தேன்.

முதலில் பைலைக் கொடுத்த விதமே தப்பு. டிவிடிக்குள் போய்ப் பார்த்தால் வி.ஓ.பி. என்று முடியும் பைல்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு ஜிபியைத் தாண்டக்கூடாது என்பது டிவிடியின் விதி. அதனால் ஒரே படத்தை அளவு பார்த்து வெட்டி அடுக்கியிருப்பார்கள். காட்சி எங்கே முடிகிறது என்று பார்த்து வெட்டுவதில்லை. முழு ஃபோல்டரையும் ஹேண்ட்பிரேக்கிடம் காட்டினால் அதுவே கோத்துக்கொள்ளும். நான் ஒவ்வொரு துண்டாகக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் "முகூர்த்தம் 1", "முகூர்த்தம் 2" என்று பெயரும் வைத்துப் பெருமையாக டிவியில் போட்டேன். அக்கா தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். கெட்டிமேளம் முழங்குகிறது. அத்திம்பேர் முதல் முடிச்சைப் போடுகிறார். திரை கறுப்பாகிவிட்டது. நாத்தனார் போட வேண்டிய இரண்டு முடிச்சும் அடுத்த பைலில்.

"ஏன்னா, கல்யாணம் ஆச்சா இல்லையா?" என்றாள் மனைவி.

"டிவிடியிலயே கோளாறு. ஸ்டூடியோக்காரன் சரியா பண்ணலை" என்றேன். அந்த ஸ்டூடியோக்காரர் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அடுத்தது தரம். ஹேண்ட்பிரேக்கில் ஆர்.எஃப். என்று ஒரு நகர்த்துகோல் இருக்கிறது. எண் குறையக் குறையப் படம் துல்லியம், பைல் பெரிது. டிவிடி அளவுப் படத்துக்கு 18-லிருந்து 22 வரை போதும் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா கல்யாணத்துக்கு 22 எப்படிப் போதும்? வலது கோடி வரை இழுத்து ஜீரோவில் நிறுத்தினேன். எச்சரிக்கையும் செய்தது. படிக்கவில்லை. அத்தோடு நின்றேனா? 1920-க்கு 1080 என்று அளவையும் ஏற்றினேன். ஹெச்.டி. ஆக்குகிறேனாம். வி.ஹெச்.எஸ். கேசட்டில் குறுக்குவாட்டில் இருக்கும் நுணுக்கமே சுமார் 240 கோடு. அதிலிருந்து டிவிடிக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்திருக்கிறது. அதில் இல்லாத ஜரிகையை நான் எங்கிருந்து கொண்டுவர முடியும்?

ராத்திரி முழுக்க லேப்டாப்பின் விசிறி கதறியது. காலையில் வந்த பைல் மூல டிவிடியைவிடப் பல மடங்கு பெரிது, படம் துளிகூடத் தேறவில்லை. தேறாததோடு, நாலுக்கு மூன்று என்ற பழைய டிவி அளவில் இருந்த படத்தைப் பதினாறுக்கு ஒன்பதில் நீட்டிவிட்டதால் மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிட்டார்கள். 1990-ல் அத்திம்பேர் ஈர்க்குச்சி. என் கைவண்ணத்தில், வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு குடையோடு காசி யாத்திரை கிளம்பியவர் இப்போதைய அத்திம்பேர்தான். அம்மா மட்டும் அதை ரசித்துப் பார்த்தாள். "மாப்பிள்ளை அப்பவே பூசினாப்பல நன்னா இருந்திருக்கார்" என்றாள்.

அந்த ராட்சத பைலைப் பென் டிரைவில் போட்டபோது, இடம் கொள்ளாத அளவு பெரிது என்று விண்டோஸ் மறுத்தது. 32 ஜிபி பென் டிரைவ், பாதிக்கு மேல் காலி. டிரைவ் போலி என்று முடிவு கட்டி ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தேன். அதிலும் அதே பதில். திரும்பப் போய்க் கடையில் சண்டைக்கு நின்றேன். கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்திருக்கக்கூட இல்லை.

"பைலு எவ்ளோ சார்?"

சொன்னேன்.

"இது ஃபேட் தர்ட்டி டூ சார். ஒரு பைலு நாலு ஜிபிக்கு மேல ஏறாது. நீ எத்தினி டிரைவ் வாங்கினாலும் இதே கதைதான். எக்ஸ்ஃபேட்னு ஃபார்மேட் பண்ணிக்கோ. ஆனா பழைய டிவின்னா படிக்காது. பைலச் சின்னதாக்கு சார், அதான் நல்லது."

ஃபேட் 32 என்பது 1996-ல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்போடு வந்த ஏற்பாடு. ஒரு பைலின் அளவை எழுத அதில் 32 பிட்தான் இடம். அதற்குள் எழுத முடிந்த மிகப் பெரிய எண்ணே நாலு ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. எச்சரிக்கையை ஒரு வரி கூடுதலாகப் படித்திருந்தால், எந்த ஃபைல் சிஸ்டத்துக்குக் கொள்ளவில்லை என்பதை விண்டோஸே சொல்லியிருப்பது தெரிந்திருக்கும். அந்த ஒரு வரிக்காக ஆட்டோ செலவும் இரண்டாவது பென் டிரைவும்.

இதற்குள் மகனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் "லாக் படிச்சியாப்பா?" என்பான். ஒவ்வொரு வேலையிலும் என்ன செய்தேன், எங்கே நின்றேன் என்று ஹேண்ட்பிரேக் எழுதி வைக்கும் குறிப்புதான் லாக். ஊரான் கணக்கைத் தணிக்கை செய்து பிழைக்கிறவனுக்கு, தன் கம்ப்யூட்டர் எழுதி வைத்த நாலு பக்கக் கணக்கைப் படிக்கச் சோம்பல். ஆகவே அவனை மீறி ஒரு படி மேலே போனேன். எஃப்எஃப்எம்பெக்.

2000-ல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது. ஹேண்ட்பிரேக், விஎல்சி எல்லாம் உள்ளுக்குள் நம்பியிருப்பது இதைத்தான். பொத்தான் கிடையாது, படம் கிடையாது. கறுப்புத் திரையில் கட்டளையை எழுத வேண்டும். "அக்கா கல்யாணம்" என்று ஆங்கில எழுத்தில் நடுவே இடைவெளி விட்டுப் பெயர் வைத்திருந்த பைலைக் கொடுத்து என்டரைத் தட்டினேன். "அக்கா: அப்படி ஒரு பைலோ ஃபோல்டரோ கிடையாது" என்று ஆங்கிலத்தில் பதில் வந்தது. கூடப் பிறந்தவளையே இல்லை என்கிறது. மறுபடி தட்டினேன். மறுபடியும் அக்கா இல்லை. டிரைவ் கெட்டுவிட்டதென்று பயந்து எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு நகல் எடுத்தேன். கதை இவ்வளவுதான்: இடைவெளி வந்தால் பெயர் அங்கேயே முடிந்ததாக அது எடுத்துக்கொள்ளும். "அக்கா" உள்ளே போக வேண்டிய பைல், "கல்யாணம்" வெளியே வர வேண்டிய பைல். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டால் தீர்ந்தது. அது தேடிய பெயரைத் தெளிவாக எழுதிக் காட்டியிருந்தது. அதில் பாதிப் பெயர்தான் இருக்கிறது என்று நான்தான் பார்க்கவில்லை.

ஊஞ்சல் கதை இன்னொன்று. பிறகு ஹேண்ட்பிரேக்குக்கே திரும்பி, வேகமாக முடியட்டுமே என்று ஃபில்டர்கள் என்ற பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் அணைத்து ஓட்டினேன். வந்த படத்தில் ஊஞ்சல் நிற்கும்போது எல்லாம் சரி. ஆட ஆரம்பித்தால் அக்காவின் புடவைக் கரையில் படுக்கைவாட்டில் கோடு கோடாகப் பல் முளைக்கும். பச்சைப்பிடி சுற்றும் மாமி கையை வீசினால் விரல் ஐந்தும் பத்தாகும். ஆட்டம் நின்றால் கோடும் போய்விடும். பழைய டிவி முறையில் வினாடிக்கு 25 படம். ஒவ்வொரு படமும் இரண்டு பாதி. ஒற்றைப்படைக் கோடுகள் முதலில், இரட்டைப்படைக் கோடுகள் ஐம்பதில் ஒரு வினாடி கழித்து. அதற்குள் ஊஞ்சல் ஒரு விரற்கடை நகர்ந்துவிடும். அன்றைய குழாய் டிவி அந்தப் பாதிகளை ஒன்றன்பின் ஒன்றாகவே காட்டியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. கம்ப்யூட்டர் இரண்டையும் சேர்த்து ஒரே படமாக வைத்தால் பல் தெரியும். இதைச் சரிசெய்யத்தான் டீகோம்ப் என்ற ஃபில்டர். ஹேண்ட்பிரேக் அதை ஏற்கெனவே போட்டுத்தான் வைத்திருந்தது. நான் அணைத்திருந்தேன். அணைத்ததை மறந்து, கேசட்டில் பூஞ்சை என்று அக்காவிடம் சொன்னேன்.

அக்கா பெண்ணின் அரங்கேற்றமும் அதே பென் டிரைவில் வேண்டுமாம். மயிலாப்பூரில் ஒரு சபாவில் நடந்தது. கேமராவில் எடுத்தது எம்.டி.எஸ். என்று முடியும் பைல்கள். சோனியும் பானசோனிக்கும் 2006-ல் கொண்டுவந்த ஏவிசிஹெச்டி என்ற முறை. உள்ளே இருந்த படம் எந்த டிவியும் படிக்கிற ஹெச்.264. மேலே இருந்த உறைதான் எங்கள் டிவிக்குப் பழக்கமில்லை. நானோ புஷ்பாஞ்சலியிலிருந்து மங்களம் வரை மொத்தத்தையும் மறுபடி என்கோடு செய்தேன், அக்னி நட்சத்திரத்தில், ஏசி போட்டு, லேப்டாப்பின் அடியில் மேஜை விசிறியை வைத்து. காபிப்பொடிச் சம்படத்தை மாற்றச் சொன்னால், இறக்கி வைத்திருந்த முதல் டிகாக்ஷனைக் கொட்டிவிட்டு அதே பொடியில் இரண்டாம் டிகாக்ஷன் இறக்கியிருக்கிறேன். எஃப்எஃப்எம்பெக்கில் "சி காப்பி" என்று ஒரு சின்னக் கட்டளை உண்டு. படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றும். ஒரு டம்ளர் காபி குடித்து முடிப்பதற்குள் வேலை ஆகிவிடும், தரமும் குறையாது. எத்தனை கவனமாக என்கோடு செய்தாலும் படம் கொஞ்சம் தேயத்தான் செய்யும் என்பதால் இதைத்தான் எல்லாரும் முதலில் முயன்று பார்ப்பார்களாம். நான் அதைக் கடைசியில் கண்டுபிடித்தேன்.

வர்ணத்தை மட்டும் மருமான் தன் போனில் பக்கத்திலிருந்து எடுத்திருந்தான். பாதியில் போன் கை தவறி விழுந்து அணைந்துவிட்டது. பைல் இருக்கிறது, பெரிதாகவும் இருக்கிறது, எதிலும் திறக்கவில்லை. எஃப்எஃப்எம்பெக் சொன்னது: "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்." நாட்டிய வீடியோவில் ஆட்டத்தையே காணோமாம். இந்த வகைப் பைலில் எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைக்குத்தான் அந்தப் பெயர். போன் அதைக் கடைசியில், ரெக்கார்டிங்கை நிறுத்தும்போதுதான் எழுதும். நிறுத்துவதற்குள் போன் செத்தால் பண்டம் உண்டு, பட்டியல் இல்லை. அன்ட்ரங்க் என்று ஒரு கட்டற்ற மென்பொருள், அதே போனில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அதைப் பார்த்து அட்டவணையை எழுதித் தரும். அதே போனில் எடுத்தது. நான் என் போனில் எடுத்த எங்கள் வீட்டு நவராத்திரிக் கொலுவைக் கொடுத்தேன். பச்சைக் கட்டங்களுக்கு நடுவே ஒரு சலங்கைக் கால் தெரிந்து மறைந்தது. பிறகு மருமானின் போனில் எடுத்து வாட்ஸப்பில் வந்த ஒன்றைக் கொடுத்தேன். வாட்ஸப் அனுப்பும்போதே எல்லாவற்றையும் சுருக்கி மாற்றிவிடும், அதுவும் உதவாது. கடைசியில் அவன் ஹார்ட் டிஸ்கிலேயே பழைய அசல் ஒன்று அகப்பட்டது. வர்ணத்தில் பெரும்பகுதி மீண்டது. அத்தனை தோல்விக்கு நடுவில் இது ஒன்றைத்தான் நான் உறவுக்காரர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2024-ல் அந்த நாளும் வந்தது. மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹால். கல்யாண வீடியோ இந்தத் தடவை ஒரே பைல், சரியான அகலம், கோடு இல்லை. ஒன்றே ஒன்றில் மட்டும் கை வைத்திருந்தேன். ஒலியை ஏஏசி என்ற எல்லா இடத்திலும் கேட்கும் வகைக்கு ஹேண்ட்பிரேக் தானாக மாற்றும். அசல் நாகஸ்வரம் அசலாகவே இருக்கட்டும் என்று "பாஸ்த்ரூ" போட்டு டிவிடியின் டால்பி ஒலியை அப்படியே விட்டுவிட்டேன். லேப்டாப்பில் பிரமாதமாகக் கேட்டது. ஹாலில் இருந்த டிவிக்கு அந்த ஒலி தெரியாது. படம் ஓடுகிறது, மூலையில் "ஆடியோ நாட் சப்போர்ட்டட்". முந்தின நாளே ஹாலுக்குப் போய் ஒரு நிமிஷம் போட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

திட்டு விழும் என்று தூண் பக்கம் ஒதுங்கினேன். ஒருவரும் கவனிக்கவில்லை. படத்தில் தெரிந்த ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் சொல்லிப் பத்துப் பேர் ஒரே சமயத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஒலி இருந்திருந்தால் குறைக்கச் சொல்லியிருப்பார்கள். பக்கத்தில் வந்த மகன் மட்டும், "எல்லாத்தையும் டீஃபால்ட்ல விட்டிருந்தா முதல் நாளே முடிஞ்சிருக்கும்பா" என்றான். உண்மை. டீஃபால்ட்டில் விட்டிருந்தால் இதில் நான் என்ன செய்ததாக ஆகும்?

வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு கிளம்பும்போது அத்திம்பேர் தோளில் தட்டி, "ரொம்ப நன்னா பண்ணியிருக்கே. உங்க கல்யாணக் கேசட்டையும் இப்படிப் பண்ணிடேன்" என்றார். நியாயமான யோசனைதான். கேசட் நாளுக்கு நாள் கெடும். வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாயும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஓடுகிற பழைய வி.சி.ஆர். ஏதாவது அகப்படுமா என்று நான் ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரிக்க ஆரம்பித்திருக்கிறேன். மனைவிக்கு எப்படியோ காற்றுவாக்கில் செய்தி போய்விட்டது. கேசட் இப்போது பீரோ லாக்கரில் நகைகளோடு இருக்கிறது. சாவி எங்கே என்று கேட்டால், "பிள்ளை ஊருக்கு வரட்டும், அவன் பண்ணுவான்" என்கிறாள்.